நக்குரு ஏரிக்குப் பறவ பாக்கப் போறீங்களா? முதல்ல தலங்கம பக்கம் ஒருக்கா போயிட்டு வாங்க

கென்யா ட்ரிப் ப்ளான் பண்றவங்க எல்லாரும் மசாய் மாராவைப் பத்தித்தான் கேக்கிறாங்க, சிங்கம் எங்க நிக்கும், மாடுகள் ஆத்தைத் தாண்டுறது எந்த மாசம் எண்டு. நக்குரு ஏரி எண்டு சொன்னா உடனே "ஆ, அந்த பிங்க் கலர் பறவ இடம்தானே, போற வழியில ரெண்டு மணித்தியாலம் நிப்பாட்டிட்டுப் போயிடுவோம்" எண்டுறாங்க. ரெண்டு மணித்தியாலம் நிப்பாட்டினா பிங்க் கலரும் ஒழுங்காக் கிடைக்காது, வேற ஒண்டும் கிடைக்காது, டிக்கெட் காசு போனதுதான் மிச்சம். குறைஞ்சது ஒரு முழு நாள் குடுங்க, முடிஞ்சா முதல் நாள் பின்னேரமே நக்குரு டவுனுக்குப் போய்த் தங்கிட்டு விடிய கேட் திறக்கிற நேரம் உள்ள போங்க. கொழும்பில இருந்து போற நம்மட ஆக்களுக்கு எது சரி வரும் எண்டத மனசில வச்சுத்தான் இத எழுதுறன்.

இடத்தப் பத்திச் சுருக்கமா. நைரோபியில இருந்து வடமேற்கா கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர், றிஃப்ட் பள்ளத்தாக்குக்குள்ள இருக்கு. பார்க் 188 சதுர கிலோமீட்டர்தான், சுத்தி மின்வேலி, நடுவில ஏரி, வடக்குப் பக்கம் வேலிக்கு அங்கால உடனேயே டவுன் வந்திடும். 1961ல பறவைச் சரணாலயமாத் தொடங்கி 1968ல தேசியப் பூங்கா ஆச்சு, 1990ல கென்யாவின்ட முதலாவது ரம்சார் ஈரநிலம் (ரம்சார் எண்டுறது ஈரநிலங்களப் பாதுகாக்கிற சர்வதேச ஒப்பந்தம்), 2011ல பொகோரியா, எலமென்டைட்டா எண்ட மத்த ரெண்டு ஏரியோடயும் சேத்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்ல போட்டாங்க. 400க்கு மேல பறவ இனம் அங்க பதிவாகியிருக்கு.

அந்த 400ஐப் பாத்துப் பயப்பட வேண்டாம். இது தான் நான் முக்கியமாச் சொல்ல வந்த விஷயம்: ஏரிக்கரையில நிக்கிற பறவைகள்ல கனக்க உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஆக்கள், இல்லாட்டி தெரிஞ்ச ஆக்கள்ட ஒண்டுவிட்ட சகோதரங்கள். கொழும்பு 2018ல ரம்சார் ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் வாங்கின ஊர், பத்தரமுல்லைக்குப் பக்கத்தில தலங்கம வாவி, கோட்டேயில பெத்தகான ஈரநிலப் பூங்கா, அங்கால தியசரு பார்க், தெஹிவளைப் பக்கம் எண்டா பெல்லன்வில அத்திடிய, கொஞ்சம் தூரம் போகலாம் எண்டா முத்துராஜவெல, இவ்வளவத்தையும் பக்கத்தில வச்சுக்கொண்டு ஆபிரிக்காவுக்குப் போய்த்தான் முதன்முதலா பைனாகுலர் தூக்குவேன் எண்டு நிக்கிறது சரியான வேஸ்ட். பைனாகுலருக்குள்ள பறவையக் கொண்டு வாறதே ஒரு பழக்கம், அது வர கொஞ்ச நாள் எடுக்கும், அந்த நாள இங்க ஃப்ரீயாச் செலவழிங்க, அங்க ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் டொலர்ல காசு கட்டுறீங்க.

அப்ப என்ன செய்யிறது? ஒரு சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு தலங்கம வாவிக்கரையில நில்லுங்க. போன உடனே பேர் தேட வேண்டாம். ஒரு பறவையப் பிடிச்சு முதல்ல சைஸ், பிறகு கால், பிறகு சொண்டு, கடைசியா அது எப்பிடிச் சாப்பிடுது எண்டத மட்டும் பாருங்க. கலர நம்ப வேண்டாம், காலை வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நிண்டு பாத்தா எல்லாப் பறவையும் கறுப்புத்தான். இந்த நாலையும் பாத்துப் பழகினீங்க எண்டா நக்குருவில ஒரு புதுப் பறவ வந்து நிண்டாலும் "இது நம்மட இன்னாற்ற குடும்பம்" எண்டு அரை நிமிஷத்தில பிடிச்சிருவீங்க, மிச்சத்த ஆப் பாத்துக்கொள்ளும்.

உதாரணத்துக்கு, நம்மட மஞ்சள்மூக்கு நாரை. சேத்துத் தண்ணிக்குள்ள சொண்ட அரைவாசி திறந்தபடி விட்டு, ஒரு காலால கீழ கிளறிக்கொண்டு நடக்கும், கண்ணால மீனத் தேடாது, சொண்டில ஏதும் முட்டின உடனே டக்கெண்டு மூடும். இத இங்க ஒருக்கா ஆறுதலாப் பாத்து வச்சீங்க எண்டா நக்குருவில வெள்ளை உடம்பு, மஞ்சச் சொண்டு, சிவந்த முகத்தோட ஒண்டு அதே மாதிரிக் காலால கிளறிக்கொண்டு போகும், அது தான் யெலோ-பில்ட் ஸ்டோர்க், ரெண்டும் ஒரே குடும்பத்தில ஒரே பேரினம். அதே மாதிரி நம்மட வெள்ளை அரிவாள்மூக்கனுக்கு அங்க சேக்ரட் ஐபிஸ், தலையும் கழுத்தும் மொட்டையாக் கறுப்பு, இங்க உள்ளத விட வால் பக்கம் கறுப்புத் தொங்கல் நல்லாத் தெரியும். நம்மட சின்ன நீர்க்காகத்துக்கு அங்க வால் நீண்ட ஒரு சின்ன நீர்க்காகம். தாமரை இலையில நடக்கிற நம்மட நீளவால் இலைக்கோழிக்கு அங்க செங்கபில உடம்பும் நெத்தியில நீலப் பட்டையும் உள்ள ஆபிரிக்க ஜக்கானா, அது நல்ல தண்ணி உள்ள மூலைகள்லதான் நிக்கும். வயல்ல நம்மளக் கண்ட உடனே ஊரக் கூட்டுற ஆள்காட்டிக்கு அங்க பிளாக்ஸ்மித் லாப்விங், கறுப்பு வெள்ளை சாம்பல், குணம் அச்சா அதே குணம், சத்தம் மட்டும் கொல்லன் பட்டறையில சுத்தியலால தட்டுற மாதிரி டிங் டிங் டிங் எண்டு கேக்கும், பேரே அதனால வந்ததுதான்.

சிலது அப்பிடியே அதே பறவை. சின்ன வெள்ளைக்கொக்கு, சாம்பல் நாரை, செந்நாரை, நெடுங்கால் உள்ளான், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. ஒக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போறீங்க எண்டா வடக்கில இருந்து வாற வலசைப் பறவையும் சேரும், பெல்லன்வில வயல்ல நிக்கிற வரியுள்ளான், கரண்ட் கம்பியில வரிசையா இருக்கிற தகைவிலான், பச்சைக்கால் உள்ளான், இதுகள்ட இனம் தான் அங்கயும் நிக்கும். அங்க போய் இதுகளக் கண்டுட்டு "சே, இது நம்மட ஊரிலயே இருக்கே" எண்டு தாண்டிப் போறவங்களும் இருக்காங்க. எனக்கு அது விளங்கிறதில்ல. தெரிஞ்ச பறவ தான் அளவுகோல், நெடுங்கால் உள்ளான் பக்கத்தில நிக்குது எண்டா அதோட ஒப்பிட்டுத்தான் பக்கத்தில நிக்கிற அவோசெட்டின்ட சைஸையும் மேல வளைஞ்ச சொண்டையும் விளங்கிக்கொள்ளலாம்.

பேரா வாவியில, தியவன்னாவில மிதக்கிற நம்மட சாம்பல் கூழைக்கடாவையும் நல்லாப் பாத்து வைங்க. நக்குருவில ரெண்டு வகை இருக்கு. பெரிய வெள்ளைக் கூழைக்கடா கூட்டமா வேலை செய்யும், பத்துப் பன்னிரண்டு சேந்து அரைவட்டமா நிண்டு மீன நடுவுக்குத் தள்ளி, எல்லாத் தலையும் ஒரே நேரத்தில தண்ணிக்குள்ள போகும், ஒரே நேரத்தில வெளிய வரும், அத ஒருக்கா கண்டுட்டீங்க எண்டா பத்து நிமிஷம் அங்கயே நிப்பாட்டச் சொல்லுவீங்க. மத்தது பிங்க்-பேக்ட் பெலிகன், சின்னது, கொஞ்சம் சாம்பல், நம்மட ஆள மாதிரி பெரும்பாலும் தனியத்தான் மீன் பிடிக்கும். இதில இன்னொரு கதையும் இருக்கு. இந்த ஏரியில முந்தி மீனே கிடையாது, அவ்வளவு உவர் சோடாத் தண்ணி. 1950கள், 60கள்ல நுளம்பக் கட்டுப்படுத்த எண்டு மகாடி ஏரியில இருந்து அந்தத் தண்ணி தாங்கிற ஒரு சின்ன திலாப்பியா இனத்தக் கொண்டு வந்து விட்டாங்க. நுளம்பு என்ன ஆச்சோ, மீன் பெருகின உடனே மீன் தின்னிப் பறவைகள் எல்லாம் வந்து குந்திட்டுது, கூழைக்கடா, நீர்க்காகம், மீன்கழுகு எண்டு.

பூநாரை பத்தி

சரி, எல்லாரும் கேக்கிற விஷயத்துக்கு வருவம். நெட்டில இருக்கிற, ஏரிக்கரை முழுக்க பிங்க் பாய் விரிச்ச மாதிரியான அந்தப் ஃபோட்டோக்கள் பொய்யில்ல, ஆனா பழசு. நல்ல காலங்கள்ல பத்து லட்சத்துக்கு மேல பூநாரை இந்த ஒரு ஏரியில நிண்டிருக்கு. 2010க்குப் பிறகு றிஃப்ட் ஏரிகள்ட தண்ணி மட்டம் ஏறத் தொடங்கி, 40 சதுர கிலோமீட்டர் சொச்சமா இருந்த நக்குரு ஏரி 60ஐயும் தாண்டிப் பெருகிட்டுது. பழைய மெயின் கேட், ஒபிஸ் கட்டடங்கள், கரையோர ரோட்டு எல்லாம் தண்ணிக்குள்ள போய் கேட்டையே வேற இடத்துக்கு மாத்த வேண்டி வந்தது. தண்ணி கூடின உடனே உப்பு ஐதாகும், உப்பு ஐதானா ஸ்பிருலினா எண்டுற பாசி குறையும், பாசி குறைஞ்சா சின்னப் பூநாரைக்குச் சாப்பாடு இல்ல, சாப்பாடு இல்லாட்டி அது பொகோரியாவுக்கோ எலமென்டைட்டாவுக்கோ போயிடும். இது செத்துப் போறதில்ல, இடம் மாறுறது, றிஃப்ட் ஏரி எல்லாத்தையும் அதுகள் ஒரே வீடாத்தான் பாவிக்குது, குஞ்சு பொரிக்க மட்டும் தன்சானியாவில இருக்கிற நேட்ரன் ஏரிக்குத்தான் பெரும்பாலும் போகும். அதால நீங்க போற கிழமை நக்குருவில நூறு நிக்கலாம், பல ஆயிரம் நிக்கலாம். போறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் தங்கப் போற இடத்துக்கு மெசேஜ் போட்டு "இப்ப பூநாரை எந்த ஏரியில நிக்குது" எண்டு நேராக் கேளுங்க, டூர் விக்கிற ஏஜென்டிட்டக் கேக்க வேண்டாம், அவர் எப்பவும் இருக்கு எண்டுதான் சொல்லுவார்.

நம்ம ஆக்களுக்கு இதில ஒரு அட்வான்டேஜ். மன்னார்ல, யாழ்ப்பாணக் கடனீரேரிப் பக்கம் குளிர் காலத்தில பூநாரை பாத்தவங்க இருப்பீங்க. அது பெரிய பூநாரை, வெளிறின உடம்பு, இளம் பிங்க் சொண்டு, நுனி மட்டும் கறுப்பு. நக்குருவில அதுவும் நிக்கும், ஆனா கூட்டமா நிக்கிறது சின்னப் பூநாரை, ரெண்டு முழம் வருமோ எண்டு நினைக்க வைக்கிற மாதிரிக் கட்டையா இருக்கும், நிறம் கூட, சொண்டு கடும் சிவப்பு, தூரத்தில பாத்தா கறுப்பு மாதிரியே தெரியும். ரெண்டும் கலந்து நிண்டா உயரத்தப் பாருங்க, தலைக்கு மேல வெள்ளையா நீட்டிக்கொண்டு நிக்கிறது பெரியது.

கூட்டத்த ஒரு ஃபோட்டோ எடுத்திட்டு, பிறகு ஒரே ஒரு பறவையில பைனாகுலர வச்சு நிப்பாட்டுங்க. கழுத்த நேராக் கீழ இறக்கும், சொண்டு தலைகீழா, மேல்சொண்டு கீழ்ப்பக்கம் வாற மாதிரி தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழ இருக்கும். தலைய இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு முன்னுக்கு நடக்கும். தொண்டைப் பக்கத்தப் பாருங்க, சின்னதாத் துடிச்சுக்கொண்டே இருக்கும், அது நாக்கால தண்ணிய உள்ள இழுத்து வெளிய தள்ளுறது, நொடிக்குப் பல தடவ, சொண்டின்ட உள்பக்கம் இருக்கிற மெல்லிய தகடுகள்ல பாசி மட்டும் பிடிபட்டு நிக்கும். அந்தப் பாசியில இருக்கிற கரோட்டினோய்ட்தான் இறகுக்கு நிறம் குடுக்கிறது. பெரிய பூநாரை அப்பிடி மேலாக நிக்காது, தலைய ஆழமா விட்டுச் சேத்தில இருக்கிற சின்னப் புழு, இறால் வகை தேடும், அதால ரெண்டு இனமும் ஒரே ஏரியில சண்டையில்லாமச் சாப்பிடலாம். கரையில மராபு நாரை, அந்த மொட்டைத் தலையும் தொங்குற தொண்டைப் பையுமா நிக்கிற பெரிய பறவ, சும்மா நிக்கிற மாதிரி நிக்கும், நோய்ப்பட்ட பூநாரை ஒண்டு கிடைச்சா விடாது. மீன்கழுகும் அப்பிடித்தான், பேர் மீன்கழுகு எண்டாலும் இந்த ஏரிகள்ல பூநாரையையும் அடிக்கும்.

மீன்கழுகு எண்ட உடனே ஞாபகம் வருது, நம்மட செம்பருந்தும் வெள்ளைத் தலை, செங்கபில உடம்புதானே, கொழும்பில தினமும் பாக்கிறோம், முதல் தடவ அங்க மீன்கழுகக் கண்டா "செம்பருந்தா" எண்டு ஒரு கணம் தோணும். சைஸப் பாத்தா முடிஞ்சுது, இது அதவிட நல்லாப் பெருசு, செட்டை அகலம். தண்ணிக்குள்ள நிண்டு பட்டுப்போன மஞ்சள் அகேசியா மரங்கள் வடக்குக் கரை முழுக்க நிக்குது, அதுகள்ட உச்சியத்தான் தேட வேணும். பட்ட மரம் பாக்க மனசுக்கு ஒரு மாதிரி இருந்தாலும் பறவைகளுக்கு இது நல்ல குந்துமரம்.

கையில என்ன, பையில என்ன

கடதாசி வேலை முதல்ல. 2024 ஜனவரியில இருந்து கென்யா விசாவுக்குப் பதிலா ஓன்லைன்ல எடுக்கிற ஈ-டி-ஏ எண்ட பயண அனுமதி தான், டிக்கெட் போட்ட உடனே அதயும் போடுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், கென்யாவில இருந்து திரும்பி வாறவங்களிட்ட இலங்கைக்குள்ள வரக்குள்ள அந்தச் சான்றிதழ் கேப்பாங்க, ஊசி போட்டு பத்து நாளைக்குப் பிறகுதான் அது செல்லும், அதால கடைசிக் கிழமைக்கு வைக்க வேண்டாம். பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில (எம்.ஆர்.ஐ.) போடுறாங்க, போக முதல் கோல் எடுத்து நாளும் நேரமும் கேளுங்க. மலேரியாக் குளிசைக்கு நாரஹேன்பிட்டியில இருக்கிற மலேரியா தடை இயக்கத்துக்குப் போனா வெளிநாடு போறவங்களுக்கு இலவசமாக் குடுக்கிறாங்க, கனபேருக்கு இது தெரியாம ஃபார்மசியில காசு குடுக்கிறாங்க. இலங்கை 2016லயே மலேரியா இல்லாத நாடு எண்டு அங்கீகாரம் வாங்கிட்டுது, அதால திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தா டொக்டரிட்ட நீங்களா "ஆபிரிக்காவுக்குப் போய் வந்தனான்" எண்டு சொல்லுங்க, அவருக்குச் சட்டெண்டு மலேரியா எண்டு தோணாது.

சாமான் கட்டக்குள்ள சொப்பிங் பேக் ஒண்டும் வேண்டாம். கென்யாவில 2017ல இருந்தே பிளாஸ்டிக் பேக் தடை, 2020ல இருந்து தேசியப் பூங்காக்களுக்குள்ள ஒரு தடவ பாவிச்சு எறியிற பிளாஸ்டிக் போத்தல், கப், ஸ்ட்ரோ, கரண்டி எதுவும் கொண்டு போக ஏலாது. நம்மட பழக்கத்துக்கு சப்பாத்த ஒரு பேக்கில, ஈர உடுப்ப ஒரு பேக்கில எண்டு சுத்தி வைப்போம், அதுக்குத் துணிப்பை எடுங்க. தண்ணிக்கு ஸ்டீல் போத்தல்.

ஏரி கடல் மட்டத்தில இருந்து 1,750 மீட்டர் உயரத்தில இருக்கு, நுவரெலியாவ விடக் கொஞ்சம்தான் பதிவு. ஆபிரிக்கா எண்டா வெக்கை எண்டு நினைச்சு டீஷேர்ட்டோட போய் விடிய ஆறு மணிக்கு மேல் கூரை திறந்த வேன்ல நிண்டா நடுங்கும், ஸ்வெட்டர் ஒண்டு கட்டாயம். பத்து மணிக்குப் பிறகு வெயில் சுள்ளெண்டு அடிக்கும், தொப்பியும் வேணும்.

பைனாகுலர் 8க்கு 42 எண்டு போட்டிருக்கிறது எடுங்க. 10, 12 எண்டு கூட்டினா கிட்டத் தெரியும் எண்டு கடைக்காரர் சொல்லுவார், வாகனத்துக்குள்ள இருந்து கை நடுங்கக்குள்ள அது உதவாது. ஆளுக்கொரு பைனாகுலர் வேணும், ஒண்ட நாலு பேர் மாத்தி மாத்திப் பாக்கிற குடும்பம் கடைசியில ஒண்டும் பாக்கிறதில்ல, சண்டை தான். கெமராவுக்கு 400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், ட்ரைபோட் வாகனத்துக்குள்ள விரிக்க ஏலாது, ஒரு வெறும் துணிப்பைய மடிச்சுக் கொண்டு போய் அங்க ரெண்டு கிலோ அரிசியோ பீன்ஸோ வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில வச்சு அதுக்கு மேல லென்ஸ வைங்க, ஊருக்கு வெளிக்கிடக்குள்ள அரிசிய யாருக்கும் குடுத்திட்டு வாங்க. போன்ல பறவையின்ட பேர் கண்டுபிடிக்கிற மெர்லின் ஆப்ப போட்டு கென்யாப் பறவைகள்ட பேக்க இங்க வீட்டு வைஃபையில இறக்கி வைங்க, பார்க்குக்குள்ள போய் சிக்னல் தேடிக்கொண்டு நிக்க வேண்டாம். இன்னும் ஆழமாப் பழக ஆசை எண்டா கொழும்பு யுனிவர்சிட்டியோட சேந்து இயங்கிற ஃபோக்ஸல் எண்ட பறவையியல் குழு இருக்கு, அவங்கட ஃபீல்ட் ட்ரிப்ல ஒண்டு ரெண்டுக்குப் போனாலே கண் திறந்திடும்.

எப்ப போறது எண்டா, மார்ச்சில இருந்து மே வரைக்கும் பெரு மழை, ரோட்டு சேறு. ஜனவரி, பெப்ரவரி எனக்குப் பிடிச்ச காலம், மழையும் குறைவு, வலசைப் பறவையும் நிக்கும். ஜூன்ல இருந்து செப்டெம்பர் வரைக்கும் மிருகம் பாக்க நல்லம், சனமும் கூட.

அந்த ஒரு நாள்

கென்யா நேரம் நம்மள விட ரெண்டரை மணித்தியாலம் பிந்தி. இங்க ஆறு மணிக்கு எழும்புற ஆள் அங்க மூண்டரைக்குக் கண்ணத் திறந்துகொண்டு கிடப்பீங்க, முதல் ரெண்டு நாளைக்கு அந்த உடம்புப் பழக்கத்தப் பாவிச்சுக்கொள்ளுங்க, பறவ பாக்கிறவனுக்கு இது வரம். கேட் ஆறு மணிக்குத் திறக்கும், பின்னேரம் ஆறுக்கு மூடும், இரவில உள்ள ஓட விடமாட்டாங்க. டிக்கெட் ஓன்லைன்ல தான், கேட்டில காசு நீட்டினா எடுக்கமாட்டாங்க, முதல் நாள் இரவே கட்டி முடிங்க.

வெளிச்சத்த வச்சு வழியத் தீர்மானியுங்க. காலையில ஏரிக்குக் கிழக்குக் கரையில நிக்க வேணும், அப்ப சூரியன் உங்கட முதுகுப் பக்கம், பறவையில வெளிச்சம் நேரா விழும். பின்னேரம் மேற்குக் கரை. இத மாறிச் செஞ்சீங்க எண்டா நாள் முழுக்க நிழல் படம் தான் எடுப்பீங்க. ட்ரைவர்மார் பழக்கத்தில தங்கட வழியிலதான் போவாங்க, ஏறக்குள்ளயே சொல்லிடுங்க.

கிழக்குச் சரிவில யூஃபோர்பியா மரக்காடு ஒண்டு இருக்கு, கள்ளி இனம், ஆனா மரமா வளந்து மெழுகுதிரித் தண்டு மாதிரிக் கையெல்லாம் மேல நிமித்திக்கொண்டு நிக்கும், வேற எங்கயும் இப்பிடி ஒரு காடு காண்றது கஷ்டம். அங்க தலையில கொண்டை நீட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கழுகு மரத்தில குந்தியிருந்தா அது லோங்-கிரெஸ்டட் ஈகிள். பத்தை ஓரங்கள்ல பனங்காடை இனம், லைலாக் நிற நெஞ்சுள்ளது, பறக்கக்குள்ள நம்மட பனங்காடை மாதிரியே செட்டை நீலமா விரியும். மெதுவாத் தெற்குக்கு இறங்குங்க, அங்க புல்வெளி விரியும், காண்டாமிருகத்துக்கு அது தான் இடம்.

நக்குருவில வெள்ளை, கறுப்பு ரெண்டு காண்டாமிருகமும் இருக்கு. ரெண்டும் சாம்பல் கலர்தான், பேரப் பாத்துக் கலர் தேட வேண்டாம். வாயப் பாருங்க: வெள்ளையின்ட வாய் அகலம், தட்டை, புல்லு மேயிற வாய், அதால தலை எப்பவும் நிலத்தோட. கறுப்பின்ட மேல் உதடு கூரா முன்னுக்கு நீண்டிருக்கும், பத்தை இலைய இழுத்துக் கடிக்க, அதால அது பத்தைக்குள்ள தனிய நிக்கும், ஆக்களப் பிடிக்காது. வெட்டவெளியில ரெண்டு மூண்டு சேந்து நிண்டா அது வெள்ளை எண்டு கிட்டத்தட்ட முடிவே எடுக்கலாம். எருமைக் கூட்டம் நிறைய, நம்மட எருமை மாதிரிச் சாது எண்டு நினைக்க வேண்டாம். அதுகள்ட முதுகில சிவந்த சொண்டோட ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கிற சின்னப் பறவ ஒக்ஸ்பெக்கர், உண்ணி தின்னும், புண் இருந்தா அதையும் கிளறும். காலடியில நிக்கிறது உண்ணிக்கொக்கு. ஒட்டகச்சிவிங்கி இங்க ரோத்சைல்ட் வகை, முழங்காலுக்குக் கீழ புள்ளி இல்லாம வெள்ளையா இருக்கும், சொக்ஸ் போட்ட மாதிரி எண்டு எல்லா கைடும் சொல்லுவாங்க, நீங்களும் கேப்பீங்க. வரிக்குதிரை, இம்பாலா, வோட்டர்பக், காட்டுப்பன்றி மாதிரி வார்ட்ஹொக், கொலபஸ் குரங்கு எல்லாம் ஓடுற ஓட்டத்தில வரும். சிங்கம் இருக்கு, இங்கத்தையது சில நேரம் மரத்தில ஏறிப் படுக்கும், அதால கிடையான கொப்பு உள்ள அகேசியாவ விட்டு வைக்காம மேல பாருங்க. யானை இல்ல. யானை இல்லாத பார்க்குக்கு எதுக்குப் போறது எண்டு கேட்ட சொந்தக்காரர் எனக்கு இருக்காங்க, அவங்கள மின்னேரியாவுக்குக் கூட்டிப் போங்க.

மத்தியானம் பிக்னிக் இடத்தில இறங்கலாம், இறங்க விட்ட இடங்கள்ல மட்டும். அங்க சுப்பர்ப் ஸ்டார்லிங் மேசைக்கே வரும், நம்மட மைனாவின்ட சொந்தம், மினுமினு நீலம், செம்மஞ்சள் வயிறு, நெஞ்சில மெல்லிய வெள்ளைக் கோடு, கண் வெள்ளை. சாப்பாடு போட வேண்டாம். பபூன் குரங்குக்குச் சொல்லவே தேவையில்ல, அது கேட்டு வாங்காது, பறிச்சிடும். மேற்குப் பக்கம் மலையில பபூன் கிளிஃப் எண்ட இடத்துக்கு நாலு மணி போல ஏறுங்க, ஏரி முழுக்கக் கீழ விரியும், சூரியன் உங்களுக்குப் பின்னால. பூநாரைக் கூட்டம் எங்க நிக்குது எண்டு மேல இருந்து பாத்து வச்சிட்டு, நேரம் இருந்தா அந்தக் கரைக்கு இறங்கலாம். வாகனக் கண்ணாடிய மூடாம இறங்கினா திரும்பி வரக்குள்ள உங்கட பிஸ்கட் பெக்கட் பாறைக்கு மேல இருக்கும். பாறை இடுக்கில முயல் சைஸில வாலில்லாம ஒண்டு வெயில் காஞ்சா அது ஹைரக்ஸ்.

ட்ரைவர் விஷயம் கொஞ்சம் முக்கியம். புக் பண்ணக்குள்ளயே "பறவை பாக்கிற ட்ரிப்" எண்டு எழுதிக் குடுங்க, இல்லாட்டி அவர் ரேடியோவில சிங்கம் எண்டு கேட்ட உடனே ஓடத்தான் பாப்பார், அது அவர்ட பிழை இல்ல, எல்லாரும் அதத்தானே கேக்கிறாங்க. மேல் கூரை தூக்கிற வேன் எடுங்க, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஜன்னல் வாற மாதிரி ஆக்கள எண்ணுங்க. பறவையக் கண்டா "ஸ்டொப்" எண்டு கத்தாம "போலே போலே" (சுவாஹிலியில "மெதுவா மெதுவா") எண்டு மெதுவாச் சொல்லுங்க, மெல்ல நிப்பாட்டுவார், எஞ்சின ஓஃப் பண்ணச் சொல்லுங்க, அந்த அதிர்வு போனாத்தான் பைனாகுலர்ல ஒழுங்காப் பாக்கலாம். கையக் காட்டிச் சொல்லாம மணிக்கூட்டு முறையில சொல்லப் பழகுங்க, வாகனத்தின்ட முன்பக்கம் 12, வலப்பக்கம் 3, "ரெண்டு மணிப்பக்கம், பட்ட மரம், இடது கொப்பு" எண்டு சொன்னா எல்லாருக்கும் விளங்கும். பிள்ளைகள் இத ஒரே நாள்ல பிடிச்சிருவாங்க, பெரியாக்களுக்குத்தான் கஷ்டம்.

நக்குருவில பூநாரை குறைவாக் கிடைச்சா அடுத்த நாள் நைரோபிக்குத் திரும்பிற அதே ரோட்டில எலமென்டைட்டா ஏரி இருக்கு, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், காலையில எட்டுக்கு முதல் போய்ச் சேருங்க. பெரிய வெள்ளைக் கூழைக்கடா கூடு கட்டுறது அங்க உள்ள பாறைத் தீவுகள்லதான், சாப்பிட நக்குருவுக்குப் பறந்து வந்து போகும், ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறின உடனே சுடுகாத்தில வட்டம் போட்டுப் போட்டு மேல ஏறுற கூட்டத்தக் காணலாம். அங்கயும் பூநாரை இல்லையெண்டா பொகோரியா, அது நக்குருவுக்கு வடக்கா எதிர்த் திசை, வெந்நீர் ஊத்துகளும் பாக்கலாம், ஆனா அதுக்கு இன்னொரு முழு நாள் வேணும், நைரோபி ஃப்ளைட் அண்டைக்கே எண்டா முயற்சி பண்ண வேண்டாம்.